ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2: கதையை விட ஆக்கள் தான் முக்கியம்

திருகோணமலைல கேம் விளையாடுற பெடியளுக்குள்ள கனகாலமா ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கு. ஓப்பன் வேர்ல்ட் கேமுக்கு, அதாவது இஷ்டத்துக்குச் சுத்தித் திரியக்கூடிய கேமுக்கு, கதை எதுக்கு மச்சான், பெரிய மேப்பையும் வாகனத்தையும் துவக்கையும் தந்தா மிச்சத்தை நாங்களே பாத்துக்கொள்ளுவம் எண்டு ஒரு பக்கம் சொல்லும். கதை இல்லாட்டி ரெண்டு கிழமைல அலுத்துப் போகும், பிறகு அன்இன்ஸ்டோல் தான் எண்டு மற்றப் பக்கம் சொல்லும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2ஐ திரும்பவும் முதல்ல இருந்து விளையாடி முடிச்ச கையோட இதை எழுதுறன், என்ட முடிவு ரெண்டு பக்கத்துக்கும் முழுசாப் பிடிக்காது. இந்த மாதிரிக் கேமுக்குக் கதை கட்டாயம் இல்ல. ஆனா ஆக்கள் கட்டாயம் வேணும். பேர் சொல்லிக் கூப்பிடக்கூடிய, நாங்க கன நேரம் காணாமப் போனா எங்க போனாய் எண்டு கேக்கக்கூடிய ஆக்கள். அவையளை ஒண்டில் கேம் தர வேணும், இல்லாட்டி நாங்க கூட்டிக்கொண்டு போக வேணும். ரெண்டும் இல்லாத கேம் எவ்வளவு பெரிசா இருந்தாலும் நிக்காது.

முதல்ல கேமைப் பத்தித் தெரியாதாக்களுக்கு. ராக்ஸ்டார் கம்பெனி செய்தது, 2018 ஒக்டோபர் 26 பிளேஸ்டேஷன் 4க்கும் எக்ஸ்பொக்ஸ் வன்னுக்கும் வந்தது, பீசிக்கு வர 2019 நவம்பர் ஆயிற்று. பேர்ல 2 எண்டு இருந்தாலும் கதைப்படி இது 2010ல வந்த முதல் கேமுக்கு முன்னால நடக்கிறது, அதால முதலாவதை விளையாடாட்டியும் ஒரு பிரச்சினையும் இல்ல. காலம் 1899, இடம் அமெரிக்கா. குதிரையும் துவக்கும் வச்சுக் கொள்ளையடிச்சுத் திரிஞ்ச கூட்டங்களுக்குக் காலம் முடிஞ்சுகொண்டு வருது, ரயிலும் தந்தியும் முதலாளிமாரும் வாடகைக்கு எடுத்த துப்பறியிறாக்களும் நாட்டுக்குள்ள வந்திட்டாங்கள். டச் எண்டவன்ட கூட்டம் பிளாக்வோட்டர் எண்ட ஊருல ஒரு ஃபெரியைக் கொள்ளையடிக்கப் போய், அது பிழைச்சு, காசை அங்கயே விட்டிட்டுப் பனி மலைக்கு ஓடுது. நாங்க ஆர்தர் மோர்கன், சின்னன்ல இருந்தே டச்சோட வளந்த ஆள், அவன்ட வலது கை.

பீசில விளையாடப் போறாக்கள் முதல்ல இடத்தைப் பாருங்கோ, 150 ஜிபி வேணும். குறைஞ்சது 8 ஜிபி ரேமும் ஜிடிஎக்ஸ் 770 கிராஃபிக்ஸ் கார்டும் எண்டு கம்பெனி சொல்லுது, வடிவா ஓட வேணும் எண்டா 12 ஜிபி ரேமும் ஜிடிஎக்ஸ் 1060ம். எங்கட பக்கம் கன வீட்டுல டேட்டா பக்கேஜ் பகலுக்கு ஒரு அளவு இரவுக்கு ஒரு அளவு எண்டு இருக்கிறதால 150 ஜிபி எண்டுறது சின்ன விசயம் இல்ல, இரவிரவா டவுன்லோட் போட்டுக் காலம எழும்பி எவ்வளவு வந்திருக்கு எண்டு பாக்கிறது தான் வழி. இன்னொண்டு, கச்சான் காத்து அடிக்கிற மாதங்கள்ல இந்தக் கேமைப் போட்டா பீசி கொதிக்கும். பக்கத்து மூடியைக் கழட்டி மேசை ஃபேனை அதுக்கு நேர திருப்பி விடுங்கோ, ஃபிரேமை, அதாவது ஒரு செக்கனுக்குக் காட்டுற படத்தின்ட எண்ணிக்கையை, 30ல லொக் பண்ணுங்கோ. இந்தக் கேமுக்கு 30 காணும், இது ஓடி ஓடிச் சுடுற கேம் இல்ல.

உண்மையிலயே இல்ல. தொடக்கமே அப்பிடித்தான் இருக்கும். முதலாவது சாப்டர் முழுக்கப் பனிக்குள்ள, குதிரை முழங்கால் அளவு பனியில இழுத்து இழுத்து நடக்குது, ஆக்கள் குளிர்ல நடுங்கிக்கொண்டு மெதுவா மெதுவாக் கதைக்கினம், ஒரு ட்ராயரைத் திறக்கிறதுக்குக் கூட ஆர்தர் கையை நீட்டித் திறந்து உள்ளுக்குப் பாத்து ஒவ்வொண்டா எடுத்துத்தான் வைப்பான். இந்த இடத்துலயே கன பேர் விட்டிட்டுப் போயிருவினம், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ரெண்டு பேர் பனியே உருகேல்ல அதுக்குள்ள நிப்பாட்டிட்டாங்கள். விடாதீங்கோ. அந்த மெதுவுக்குள்ள தான் கேம் உங்களுக்கு ஆக்களை அறிமுகப்படுத்துது, அதைத் தாண்டிக் கீழ இறங்கினாப் பிறகு தான் அது ஏன் எண்டு விளங்கும்.

அந்தப் பனிக்குள்ள ஒரு மிஷன் வரும், சாப்பாடு இல்லாததால சார்ல்ஸ் எண்டவனும் ஆர்தரும் மான் வேட்டைக்குப் போறது. சார்ல்ஸுக்குக் கை சுட்டுப் போய் இருக்கிறதால அவனால வில்லு இழுக்க ஏலாது, அவன் சொல்லிக் குடுக்க நாங்க தான் அம்பு விட வேணும். அடிச்சதும் மான் உடனே விழாது, கொஞ்சம் ஓடும், ரத்தம் பனியில சொட்டிக்கொண்டு போறதைப் பாத்துப் பின்னால போக வேணும். எங்கட ஊருல பிறந்து வளந்த ஆளுக்கு இது வேற மாதிரித் தாக்கும். கோட்டை வாசலுக்குள்ளால கோணேசர் கோயிலுக்கு ஏறேக்க ரோட்டோரம் புள்ளி மான் நிக்கும், சனம் நீட்டுறதைக் கைல இருந்தே வாங்கிச் சாப்பிடும், இரவுல டவுனுக்குள்ள கடை வாசல்ல கூட வந்து படுத்திருக்கும். அந்த மானைப் பாத்துப் பழகின கண்ணுக்கு முன்னால ஆர்தர் முட்டுக்கால்ல இருந்து கத்தியைப் போட்டுத் தோலை உரிச்சு இழுக்கிறான், சத்தத்தோட, ஒண்டையும் மறைக்காம. தோலைச் சுருட்டித் தோள்ல போட்டுக் குதிரைல கட்ட வேணும், செத்த மிருகத்தைக் குதிரைல வச்சுக்கொண்டு கன நாள் சுத்தித் திரிஞ்சா அது பழுதாப் போய் இலையான் மொய்க்கும். மற்றக் கேம்ல மிருகத்தை அடிச்சா எண்ணிக்கை ஒண்டு கூடும், அவ்வளவு தான். இதுல அடிக்க முதல் ஒருக்கா யோசிப்பீங்கள். இது கதை செய்த வேலை இல்ல எண்டதைக் கவனியுங்கோ. கேமின்ட உலகம் ஒரு விசயத்தை எவ்வளவு கவனமா எடுக்குதோ அவ்வளவு கவனமா நாங்களும் எடுக்கிறம்.

இனிக் காம்ப். நான் இந்தக் கேமைக் கொண்டாடுறதுக்கு முக்கியமான காரணம் இது தான், மிஷன் கூட ரெண்டாம் பட்சம். ரெண்டாவது சாப்டர்ல இருந்து இருபது பேருக்கு மேல ஒண்டா ஒரு வெளியில கூடாரம் அடிச்சு இருக்கினம். காலமைல கோப்பி போட்டு வச்சிருக்கும், பியர்சன் எண்ட சமையல்காரன் ஒரு பெரிய சட்டில ஸ்டூ வைப்பான், நீங்க வேட்டையாடிக் கொண்டு வந்து குடுக்கிறது அந்தச் சட்டிக்குத்தான் போகும். நாள்க்கணக்கா காட்டுக்குள்ள திரிஞ்சு ஊத்தையா வந்தா மிஸ் கிரிம்ஷோ ஏசுவா. ஹாவியர் இரவுல கிட்டார் எடுப்பான், அங்கிள் எண்ட கிழவன் ஒரு வேலையும் செய்யாம நாரி நோவு எண்டு சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டுவான், ஒரு சின்னப் பெடியன் ஜாக் எப்பவும் ஏதாவது விளையாடிக்கொண்டு நிப்பான். கன நாள் வராம விட்டிட்டு வந்தா எங்க போனனீ எண்டு கேப்பினம். நான் எத்தினையோ நாள் மிஷன் ஒண்டும் செய்யாம சும்மா காம்புக்குள்ள நடந்து, ஆர் ஆரோட கதைக்கினம் எண்டு கேட்டிட்டு சேவ் பண்ணிட்டுப் படுத்திருக்கிறன். ஒரு கேம்ல ஒண்டுமே செய்யாம இருக்க விருப்பம் வருது எண்டா அதுக்குள்ள ஆக்கள் உயிரோட இருக்கினம் எண்டு தான் அர்த்தம்.

ரெண்டு பேரைச் சொன்னாக் காணும். கீரன் எண்டு ஒரு பெடியன், ஓட்ரிஸ்கல் எண்ட எதிரிக் கூட்டத்துல இருந்து பிடிச்சுக்கொண்டு வந்தவன். முதல்ல அவனை மரத்துல கட்டி வச்சிருப்பாங்கள், நீங்க பக்கத்தால போகேக்க தண்ணி கேப்பான், பசிக்குது எண்டுவான். கொஞ்சம் கொஞ்சமா அவிழ்த்து விடுவாங்கள், குதிரையளைப் பாத்துக்கொள்ளுவான், ஆனா மற்றாக்கள் எந்த நேரமும் பழைய கூட்டத்தின்ட பேரைச் சொல்லியே அவனைக் குத்திக்கொண்டு இருப்பாங்கள். ஒருத்தரும் உங்களை இதைப் பார் எண்டு சொல்லேல்ல, கட்சீனும் இல்ல, போற வாற வழியில காதுல விழுறது தான். மற்றது சேடி அட்லர். புருசனை ஓட்ரிஸ்கல் கூட்டம் கொலை செய்ததுக்குப் பிறகு இவையளோட வந்தவ, ரெண்டாவது சாப்டர் முழுக்க ஒதுங்கி ஒரு இடத்துல இருந்து அழுதுகொண்டு இருப்பா. கிட்டப் போய்க் கதைச்சாலும் பெரிசாப் பதில் வராது. பிறகு ஒரு நாள் பாத்தா பியர்சனோட கத்தியும் கையுமா நிண்டு சண்டை, மரக்கறி வெட்டிக்கொண்டு கிடக்க ஏலாது, எனக்கும் வெளிவேலை தா எண்டு. ஆர்தர் அவவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போவான், வரேக்க அவவின்ட கைல துவக்கு இருக்கும். அதுக்குப் பிறகு அவ எங்க போய் நிக்கிறா எண்டு நீங்களே பாருங்கோ. இப்பிடி ஒரு ஆள் மாறுறதை நான் வேற எந்த ஓப்பன் வேர்ல்ட் கேம்லயும் இவ்வளவு பொறுமையாப் பாக்கேல்ல.

2018ல தி கேம் அவார்ட்ஸ்ல ஆர்தருக்குக் குரலும் உடம்பும் குடுத்த ரொஜர் கிளார்க்குக்குச் சிறந்த நடிப்புக்கான விருது கிடைச்சது, கேமுக்குச் சிறந்த கதைக்கான விருதும் கிடைச்சது. ரெண்டும் தகும் தான். ஆனா என்னட்டக் கேட்டா கதைக்கான விருதை விட நடிப்புக்கான விருது தான் கேமின்ட உண்மையான பலத்தைச் சொல்லுது. கதையை நாலு வரில எழுதினாப் பெரிய புதுமை ஒண்டும் இல்ல, கொள்ளைக் கூட்டம் ஓடுது, கடைசியா ஒரு பெரிய கொள்ளை எண்டு தலைவன் சொல்லிக்கொண்டே இருக்கிறான், கூட்டம் உடையுது. இதை எத்தினை இடத்துல பாத்திட்டம். பிடிச்சு வச்சிருக்கிறது ஆர்தர்ட தொண்டையும், அவன் டயறில கீறி வைக்கிற படங்களும், லென்னி எண்ட கூட்டாளியோட குடிச்சிட்டு வெறில லென்னி லென்னி எண்டு பார் முழுக்கக் கத்தித் திரியிற அந்த ஒரு இரவும் தான்.

இதுக்குப் பழைய ஆதாரம் எங்கட எல்லாற்றட்டயும் இருக்கு. நெட் கஃபே காலத்துல இதே ராக்ஸ்டாரின்ட ஜிடிஏ வைஸ் சிட்டியும் சான் அன்ட்ரியாஸும் விளையாடாத பெடியன் இந்த ஊருல ஆர் இருக்கிறான். மணித்தியாலத்துக்குக் காசு கட்டி இருக்கிறதால ஒருத்தனும் மிஷன் செய்ய மாட்டான், கொப்பி ஒற்றையில எழுதிக்கொண்டு வந்த சீட் கோடை அடிச்சு டாங்கியையும் ஜெட்பேக்கையும் எடுத்துப் பறக்கிறது தான் வேலை. அப்பிடிப் பாத்தாக் கதை தேவையில்லை எண்டுறதுக்கு அதை விட நல்ல சாட்சி இல்ல. ஆனா இப்ப அதே ஆக்களைப் பிடிச்சு அந்தக் கேமைப் பத்திக் கேளுங்கோ, டாங்கியைச் சொல்ல மாட்டாங்கள். சான் அன்ட்ரியாஸ் நாயகன் சிஜேயைச் சொல்லுவாங்கள், அவன்ட கூட்டாளி பிக் ஸ்மோக் சாப்பாட்டுக் கடைல நீளமா ஓடர் குடுக்கிறதைச் சொல்லுவாங்கள், ரயிலுக்குப் பின்னால மோட்டார் சைக்கிள்ல துரத்தி அவன்ட வாயால வாங்கிக்கட்டினதைச் சொல்லுவாங்கள். இன்னொண்டையும் பாருங்கோ. 2001ல வந்த ஜிடிஏ 3ல வாற ஆள் கேம் முழுக்க ஒரு சொல்லுக் கூடக் கதைக்க மாட்டான், அவன்ட பேர் குளோட் எண்டு இண்டைக்கு எத்தினை பேருக்குத் தெரியும்? அடுத்த வருசமே வைஸ் சிட்டி வந்தது, ரே லியோட்டா குரல் குடுத்த டொமி வெர்செட்டியை எல்லாருக்கும் தெரியும். ரெண்டு கேம்லயும் சுத்தித் திரியிற சுதந்திரம் கிட்டத்தட்ட ஒரே அளவு தான். ஒருத்தனுக்கு வாய் இருந்தது, மற்றவனுக்கு இல்ல.

மைன்கிராஃப்டைச் சொல்லி என்னை மடக்கப் பாப்பினம், தெரியும். கதை எண்டு ஒண்டுமே இல்ல, கிராமத்து ஆக்கள் ம்ம்ம் எண்டு ஒரு சத்தம் போடுறதோட சரி, கடைசில ஒரு டிராகன் இருக்கு, அதைக் கொல்லாமலே வருசக்கணக்கா விளையாடலாம். 2011ல முழுசா வெளிவந்த கேம், 2023ல 30 கோடிப் பிரதிக்கு மேல வித்திட்டுது எண்டு அறிவிச்சாங்கள், உலகத்துலயே கூட வித்த கேம் அது தான். சரி, ஆனா அதை எப்பிடி விளையாடினனீங்கள் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. லீவு நாள்ல மச்சான்மார் தங்கச்சிமார் எல்லாம் ஒரு வீட்டுல சேந்து, ஒரு ஃபோனில ஹொட்ஸ்பொட் போட்டு மற்ற ஃபோன் எல்லாம் அதுக்குள்ள வந்து, ஒருத்தி கட்டின வீட்டுக்கு மேல இன்னொருத்தன் லாவா ஊத்தி, அவள் அழுது, அம்மா வந்து ஃபோனைப் பறிச்சு. அது தான் கதை. கேம் கதையையும் ஆக்களையும் தரேல்ல, ஏனெண்டா ஆக்களை நாங்க கூட்டிக்கொண்டு போயிட்டம். ஒருத்தி ஏ எல் எண்டு புத்தகத்தைத் தூக்கினா, இன்னொருத்தன் கனடா போயிட்டான், அதுக்குப் பிறகு அந்த வேர்ல்டை ஒருக்காத் திறந்து பாத்தன். எல்லாரும் கட்டின வீடு எல்லாம் அப்பிடியே நிக்குது, பத்து நிமிசத்துக்கு மேல இருக்க மனம் வரேல்ல. தனியாவே வருசக்கணக்கா மைன்கிராஃப்ட் விளையாடி ரெட்ஸ்டோன்ல என்னென்னவோ மெஷின் செய்யிற ஆக்கள் இருக்கினம், அவையளை நான் மதிக்கிறன், ஆனா அவையளும் அதை வீடியோ எடுத்து மற்றாக்களுக்குக் காட்டத்தான் செய்யினம்.

ஆக்கள் இல்லாத கேமுக்கு என்ன நடக்கும் எண்டு பாக்க நோ மேன்ஸ் ஸ்கை காணும். 2016ல வந்தது, 18 குவின்டிலியன் கிரகம், அதாவது 18க்குப் பின்னால 18 சைபர் போட வேணும், ஒரு மனிசன் ஆயுசு முழுக்கப் பாத்தாலும் ஒரு மூலைக்குப் போய்ச் சேர மாட்டான். வெளியான முதல் நாள்ல ரெண்டு பேர் ஒரே கிரகத்துல ஒரே இடத்துல போய் நிண்டும் ஒருத்தரை ஒருத்தர் பாக்க ஏலாமப் போச்சு, அது பெரிய கதையாப் போய் சனம் கொதிச்செழும்பிச்சு. அந்த நேரம் அதை விளையாடினது தேர்த் திருவிழா முடிஞ்ச மறுநாள் கோயில் வீதில நிக்கிற மாதிரி இருந்தது. பிறகு அதைச் செய்தாக்கள் விடாம அப்டேட் போட்டாங்கள், 2018ல நெக்ஸ்ட் எண்டு வந்த அப்டேட்டோட தான் ஆக்கள் ஆக்களைக் கண்டு ஒண்டாச் சேந்து விளையாடுற மாதிரி வந்தது, கேமைப் பத்தின பேச்சே அதோட மாறிற்று. கிரகத்தின்ட எண்ணிக்கை கூடினதால இல்ல.

எனக்கு உண்மையிலயே கஷ்டம் தாற உதாரணம் செல்டா பிரெத் ஒஃப் த வைல்ட். 2017ல நின்டென்டோ விட்டது. நாயகன் லிங்க் கதைக்க மாட்டான், கதை பழைய ஞாபகங்களா அங்க இங்க சிதறிக் கிடக்கு, வேணாம் எண்டா முதல் மேட்டு நிலத்தை விட்டு இறங்கின உடனயே நேர கடைசி எதிரியிட்டப் போகலாம். ஆக்கள் குறைவு, வெளி தான் கூட. ஆனாலும் அது அலுக்காது. மழை பெய்தாப் பாறை வழுக்கும், இடி இடிக்கேக்க கைல இரும்பு வாள் இருந்தா உங்கட தலைலயே விழும், புல்லுக்கு நெருப்பு வச்சா எழும்புற காத்துல மேல பறக்கலாம். உலகமே ஒரு ஆள் போல எங்களோட சண்டை பிடிக்குது. இதை நான் ஒத்துக்கொள்ளுறன், உலகத்தை இந்த அளவுக்குச் செய்ய ஏலும் எண்டா ஆக்கள் கொஞ்சம் குறைஞ்சாலும் தாங்கும். ஆனா அதுலயும் விளையாடின ஆக்களிட்ட உனக்குப் பிடிச்ச குவெஸ்ட் என்ன எண்டு கேட்டாக் கன பேர் டாரி டவுனைத்தான் சொல்லுவினம், வெறும் மண் மேட்டுல ஒருத்தன் தனிய வீடு கட்டத் தொடங்க, நாங்க நாடு முழுக்கத் தேடி ஒவ்வொரு ஆளாக் கூட்டிக்கொண்டு வந்து அதை ஒரு ஊராக்கிறது. கடைசில அங்க ஒரு கலியாணமும் நடக்கும்.

திரும்ப ரெட் டெட்டுக்கு வாறன், ஏனெண்டா இதுல குறையும் இருக்கு, சின்னக் குறை இல்ல. கதை எங்க கேமைக் கெடுக்குது எண்டு கேட்டா மிஷனுக்குள்ள தான். வெளில நீங்க ராசா, எந்த மலைலயும் ஏறலாம், ரயிலை மறிக்கலாம், ஆற்றுல நாள் முழுக்கத் தூண்டில் போடலாம், ரோட்டுல போற எந்த மனிசனுக்கும் வணக்கம் சொல்லலாம் இல்லாட்டிச் சண்டைக்கு இழுக்கலாம். மிஷன் தொடங்கின உடனே கழுத்துல கயிறு. மேப்புல காட்டுற மஞ்சள் கோட்டு வழியை விட்டு விலகினா மிஷன் ஃபெயில், பின்பக்கத்தால சுத்தி வந்து சுடுவம் எண்டு போனா ஃபெயில், கூட வாறவனை விட்டிட்டுக் கொஞ்சம் முன்னால போனாலும் ஃபெயில். இந்தக் கதவை உடை, இந்தத் துவக்கை எடு, இதுக்குப் பின்னால ஒளி. இவ்வளவு பெரிய உலகத்தைக் கட்டி, அதுக்குள்ள ஆக்களுக்கு யோசிக்கப் பழக்கிப்போட்டு, முக்கியமான நேரத்துல யோசிக்காத எண்டு சொல்லுறது எனக்குக் கோபத்தைத் தருது. கதை தேவையில்லை எண்டு வாதாடுற பெடியள் உண்மைல வெறுக்கிறது கதையை இல்ல, இந்தக் கயித்தைத்தான் எண்டு நான் நினைக்கிறன். அஞ்சாவது சாப்டர்ல ஒரு தீவுக்குக் கொண்டு போய் விடுவாங்கள், அங்க எங்கட குதிரையும் இல்ல, காம்பும் இல்ல, சுத்துறதுக்கு இடமும் பெரிசா இல்ல, கேமிலயே எனக்குக் குறைவாப் பிடிச்ச பகுதி அது தான்.

காசு விசயமும் ஒட்டாது. டச் வாயைத் திறந்தா காசு வேணும், இன்னும் கொஞ்சக் காசு சேந்தா வெளிநாட்டுக்குப் போயிரலாம் எண்டு தான் சொல்லுவான். அதே நேரம் ஆர்தர்ட பொக்கற்றுல ஆயிரக்கணக்குல டொலர் கிடக்கும், காம்புல இருக்கிற பெட்டிக்குள்ள நீங்க எவ்வளவு போட்டாலும் கதைக்கு அது கணக்கு இல்ல. சுதந்திரமாச் சம்பாதிக்க விட்டிட்டு அதைக் கதை கண்டுகொள்ளாம விடுறது பெரிய ஓட்டை. ஹானர் எண்ட கணக்கு கொஞ்சம் இதை ஒட்டுப் போடுது, நல்லவனா நடந்தாக் கடைல விலை குறையும், கெட்டவனா நடந்தா ஆர்தர் டயறில எழுதுறதும் கனவுல காணுறதும் மாறும், முடிவும் மாறும். ஆனாலும் மத்தியானம் ஒரு ஊரையே சுட்டுத் தள்ளிட்டுப் பின்னேரம் ஒரு கட்சீன்ல நான் நல்ல மனிசனா எண்டு அவன் கண் கலங்கேக்க மனசுக்கு ஒரு மாதிரித்தான் இருக்கும். ஜிடிஏ 5ல இதுக்கு ஒரு கெட்டித்தனமான வழி வச்சிருந்தாங்கள், ட்ரெவர் எண்ட ஆளே விசரன், அவனோட நீங்க என்ன அநியாயம் செய்தாலும் அது அவன்ட குணத்துக்குப் பொருந்தும். ஆர்தருக்கு அது பொருந்தாது. அதாலயோ என்னவோ ரெட் டெட்டை விளையாட விளையாட நானே அவனை ஒழுங்கா நடத்தத் தொடங்கிட்டன், ரோட்டுல பாம்பு கடிச்சு விழுந்து கிடக்கிறவனை விட்டிட்டுப் போக ஏலாமப் போச்சு. கேம் கட்டாயப்படுத்தேல்ல, அந்த மனிசனுக்காகச் செய்தது.

கதை தான் செய்ய ஏலும், சுதந்திரத்தால செய்யவே ஏலாது எண்டு ஒரு விசயமும் இதுல இருக்கு, அதையும் சொல்லத்தான் வேணும். ரெண்டாவது சாப்டர்ல வட்டிக் காசு வசூலிக்கிற வேலை வரும். ஒரு சின்னப் பண்ணை, வேலிக்குள்ள ஒரு மெலிஞ்ச மனிசன் மண் கொத்திக்கொண்டு நிக்கிறான், இருமுறான், மனிசியும் மகனும் பாத்துக்கொண்டு நிக்கினம், நீங்க அவனை அடிக்க வேணும். வேற பட்டன் இல்ல. எனக்கு விருப்பம் இல்ல எண்டு சொல்ல வழி இல்ல. விளையாடேக்க அது ஒரு சின்ன மிஷன், அஞ்சு நிமிசத்துல முடியும், மறந்தும் போயிருவீங்கள். பிறகு எவ்வளவோ மணித்தியாலம் கழிச்சு, வேற ஒரு ஊருல, அந்தக் குடும்பத்தைக் காணுவீங்கள். அதுக்கு மேல நான் சொல்ல மாட்டன். இந்த இடத்துல தெரிவு தந்திருந்தா நான் அவனை விட்டிட்டுப் போயிருப்பன், பிறகு வாற எதுவுமே எனக்குள்ள இறங்கியிருக்காது. மேல திட்டின அதே கயிறு தான் இது, ஆனா இங்க அது ஒரு ஆளோட கட்டியிருக்கு, துவக்குச் சண்டையோட இல்ல.

எங்கட ஊரை வச்சு ஒரு ஓப்பன் வேர்ல்ட் செய்தா எப்பிடி இருக்கும் எண்டு பெடியள் அடிக்கடி கதைப்பம். மேப்புக்குக் குறையே இல்ல. உள்துறைமுகம், சுவாமி மலை, கோட்டை, கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழும், நிலாவெளிக்கு அங்கால புறாத்தீவு, ஒரு பக்கம் சீனன்குடா, மற்றப் பக்கம் கிண்ணியாப் பாலம், பாலத்தைத் தாண்டி மூதூர். கோஸ்ட் ஒஃப் சூஷிமா எண்டு 2020ல வந்த கேம் ஜப்பான்ல உண்மையா இருக்கிற ஒரு தீவை வச்சுச் செய்தது, அதைச் செய்த ரெண்டு பேரை அந்தத் தீவே தன்ட சுற்றுலாத் தூதுவரா ஆக்கிற்று, அப்ப ஏன் திருகோணமலை ஏலாது? ஆனா சட்டலைட் படத்தை வச்சுப் பாறையையும் கடலையும் கீறிப்போடலாம், அதோட ஊர் வராது. விடிய வலை இழுத்து வந்த மீனுக்கு விலை கத்துறவன் வேணும், கோயில் ஏத்தத்துல தேசிக்காயும் பூவும் விக்கிற ஆச்சி வேணும், மூதூர்ப் பக்கத்தால வந்து தமிழும் சிங்களமும் கலந்து கடைல பேரம் பேசுற நானா வேணும், பின்னேரம் டச் பே கடற்கரைல கடலை வாங்கிக்கொண்டு நடக்கேக்க தம்பி அம்மா சுகமா எண்டு கேக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும். அந்த ஆக்கள் ரெண்டாந்தரம் காணேக்க என்னை ஞாபகம் வச்சிருக்கவும் வேணும். மிஷன் ஒண்டு கூட இல்லாட்டியும் அந்தக் கேமை நான் விடாம விளையாடுவன்.

வாங்கலாமா எண்டா, தாராளமா வாங்கலாம். ஸ்டீம் எண்ட பீசி கேம் ஒன்லைன் கடைல முழு விலை 60 டொலர், அந்த விலைக்கு ஒருத்தரும் அவசரப்பட வேணாம், சேல் நேரத்துல 75 வீதம் வரைக்கும் குறைச்சுத் தந்திருக்கிறாங்கள், விஷ்லிஸ்டுல போட்டு வச்சா மெயில் வரும். ஒன்லைன் பக்கத்தை நம்பி வாங்காதீங்கோ, 2022லயே இனிப் பெரிய அப்டேட் இல்ல எண்டு சொல்லிட்டாங்கள், இது தனிய விளையாடுறதுக்கான கேம். ரெண்டாவது சாப்டர்ல அவசரப்பட்டு மிஷனைக் காட்டுற மஞ்சள் புள்ளியை மட்டும் துரத்தாம காம்புல ஆறுதலா நேரத்தைச் செலவழியுங்கோ, அந்தச் சாப்டர்ல தான் எல்லாரும் இன்னும் ஒண்டா இருக்கினம். குதிரைக்குத் தீனி போட்டுத் துடைச்சு விடுங்கோ, மருந்து ஒண்டு எப்பவும் பைக்குள்ள இருக்கட்டும், ஏனெண்டா செத்த குதிரை செத்தது தான். பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள தம்பிமாருக்கு இது வேணாம், அவையளுக்கு மைன்கிராஃப்டைப் போட்டுக் குடுத்து நீங்களும் பக்கத்துல இருங்கோ. உங்கட பீசி தாங்காது எண்டாலும் அதே தான்.

டவுன்லோட் தான் பிரச்சினை எண்டா, கேமை வச்சிருக்கிற கூட்டாளிட்ட இருந்து ஸ்டீம் ஃபோல்டரை அப்பிடியே எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க்ல கொப்பி பண்ணி எடுத்து, உங்கட சொந்த எக்கவுண்டுல வாங்கினாப் பிறகு அதே இடத்துல போட்டு வெரிஃபை குடுங்கோ, குறையுற ஃபைலை மட்டும் தான் இறக்கும். ராக்ஸ்டார் லோஞ்சர் முதல் தரம் திறக்கேக்க நெட் கேக்கும், அதுக்கு ஃபோன் டேட்டா காணும்.